கூழ் வண்டியின் கணக்கு

(மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஒன்றிய அளவிலான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி அமைவதில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘செயல்திட்டவழிக் கற்றல்’. இந்தத் தலைப்பில் பொதுவான கருத்துகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஆகவே இன்று ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எங்கள் பள்ளியின் பதினொன்றாம் வகுப்புத் தொழிற்கல்வி மாணவர்களும், ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து வடிவமைத்த ஒரு கூழ் வண்டிதான் அது.

வண்டியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு சக்கரம். முன்னால் கையால் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி. மேல்தட்டின் நீளம் 120 செ.மீ., அகலம் 90 செ.மீ. வெறும் வண்டியின் எடை 40 கிலோ. அதில் கம்பங்கூழ் 25 லிட்டர், மோர் 15 லிட்டர், 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்று, டம்ளர் கழுவ 15 லிட்டர் தண்ணீர், பிறகு மோர்மிளகாய், வெங்காயம், மாங்காய், வற்றல் இவையெல்லாம் போகும். பாத்திரங்களின் எடையையும் சேர்த்து முழுச் சுமை 135 கிலோ.

நான்கு சக்கரத் தள்ளுவண்டி ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். நான்கு சக்கர வண்டி எதை எங்கே வைத்தாலும் நின்றுகொள்ளும். அதனாலேயே அதில் கணக்குக் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சக்கர வண்டி அப்படி விடாது. ஒரு பானையை ஒரு சாண் தள்ளி வைத்தால் கைக்கு உடனே தெரிந்துவிடும். குறுகிய சந்துகளில் திருப்பவும் அதுவே எளிது.

வடிவமைப்பு என்றதும் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டிக்குப் பெயர் வைத்தார்கள். நிறம் தேர்ந்தெடுத்தார்கள். முகப்பில் வண்ண விளக்குச் சரம் வரைந்தார்கள். தப்பில்லை, அந்த வயது அப்படி. அதன் பிறகு, பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் பல ஆண்டுகளாகக் கூழ் விற்கும் ஓர் அம்மாவை வகுப்புக்கு அழைத்தோம். எங்கள் மாணவர் யாருக்கும் அவர் தாயாரோ உறவினரோ இல்லை. அப்படிப்பட்ட ஒருவரைத்தான் அழைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

“அம்மா, வண்டி இழுக்க லேசா இருக்கணும்னா என்ன செய்யலாம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவர் சொன்ன பதில் வேறு திசையில் போயிற்று. “இழுக்கறது பெருசில்ல பாப்பா. காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. குனிஞ்சு குனிஞ்சு மொள்றதுதான் இடுப்பைப் புடுங்குது.”

அன்றைய வகுப்பின் போக்கே மாறியது. 25 லிட்டர் கூழை 300 மி.லி. சொம்புகளாகப் பிரித்தால் ஏறக்குறைய 83 சொம்பு. சொம்புக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால் ஒரு நாளில் 166 முறை பானைக்குள் கை போய் வருகிறது. ஒருவர் சுமை தூக்குவதைப் பார்த்தால் நமக்குக் கஷ்டம் புரிகிறது. 166 முறை குனிவதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆகவே எங்கள் வரைபடத்தில் முதலில் இடம்பெற்ற அளவு வண்டியுடையது அல்ல, அந்த அம்மாவுடையது. நேராக நின்றபோது தரையிலிருந்து அவருடைய முழங்கை 96 செ.மீ. உயரத்தில் இருந்தது. நின்றுகொண்டு செய்யும் வேலையில் கை புழங்கும் இடம் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருப்பது நல்லது. பாரமான வேலை என்றால் இன்னும் கொஞ்சம் கீழே. அதனால் பானையின் வாய் 80 செ.மீ. உயரத்தில் என்று முடிவாயிற்று. பானையின் ஆழம் 40 செ.மீ. ஆகையால் மேல்தட்டில் வட்டமாக வெட்டி, பானையை உள்ளே இறக்கி, அடியில் 40 செ.மீ. உயரத்தில் தாங்கு பலகை கொடுத்தோம். பானையை மேல்தட்டின் மேலேயே வைத்திருந்தால் வாய் 120 செ.மீ.க்குப் போயிருக்கும், தோளைத் தூக்கித்தான் மொள்ள வேண்டும்.

கூழ் குறையக் குறையக் கை ஆழமாகப் போகும் அல்லவா? ஒரு மாணவன் கரண்டியின் காம்பை நீளமாக்கலாம் என்றான். அந்த அம்மா சிரித்தார். “காம்பு நீளமானா மணிக்கட்டு வலிக்கும் தம்பி.” அவர் சொன்னது திருப்புத்திறனேதான். விசை செயல்படும் இடம் தள்ளிப் போகப் போக, அதே அளவு கூழைத் தூக்க மணிக்கட்டு அதிகம் உழைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகில் இருக்கிற பாடத்தை அவர் மணிக்கட்டால் படித்திருந்தார். அவர் பின்பற்றும் வழியையும் சொன்னார்: பாதிக்கு மேல் தீர்ந்ததும் பானைக்கு அடியில் ஒரு பக்கம் செங்கல் வைத்துத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொள்வாராம். மாணவர்கள் செங்கல்லுக்குப் பதிலாக ஒரு மர ஆப்பு செய்து, வண்டியிலேயே சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

இனி எடைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே போகிறேன். சக்கரங்களை இணைக்கும் அச்சை ஆதாரப்புள்ளியாக வையுங்கள். அச்சுக்கு முன்னால் இருக்கும் எடை கைப்பிடியைக் கீழே அழுத்தும், அது கூட்டல். பின்னால் இருக்கும் எடை கைப்பிடியை மேலே தூக்கும், அது கழித்தல். கைப்பிடி அச்சிலிருந்து 130 செ.மீ. முன்னால் இருக்கிறது. (நியூட்டன் எங்கே, மீட்டர் எங்கே என்று இயற்பியல் ஆசிரியர்கள் கேட்பீர்கள். கணக்கு முடிந்த பிறகு வகுப்பில் அலகை மாற்றிக்கொள்ளலாம். சந்தையில் எடை கிலோவில்தான் பேசப்படுகிறது. பிள்ளைகளுக்கும் அதுவே கைக்குப் புரிகிறது.)

மாணவர்களின் முதல் வரைபடத்தில் விற்பவர் வண்டிக்குப் பின்னால் நிற்பதாக இருந்தது. ஆகவே கூழ்ப் பானையை அச்சுக்கு 35 செ.மீ. பின்னால் வைத்தார்கள். பானையோடு 30 கிலோ. 35ஆல் பெருக்க 1050, கழித்தல். மோர்ப் பானை 18 கிலோ, 10 செ.மீ. பின்னால், 180, கழித்தல். குடிநீர் கேன் 21 கிலோ, 45 செ.மீ. முன்னால், 945, கூட்டல். கழுவும் தண்ணீர் 16 கிலோ, அதே 45 செ.மீ. முன்னால், 720, கூட்டல். டம்ளரும் தொடுகறியும் 10 கிலோ, சரியாக அச்சின் மேல், பூஜ்யம். கைப்பிடி முன்னால் நீண்டிருப்பதால் வண்டியின் 40 கிலோ 5 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்ளலாம், 200, கூட்டல். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் கூட்டல் 635 மிச்சம். 130ஆல் வகுத்தால் கைப்பிடியில் ஏறக்குறைய 5 கிலோ. ஒரு கையால் தாங்கிவிடலாம். வகுப்பே கைதட்டியது.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “சார், இது காலை எடை. மதியம் என்ன ஆகும்?”

நல்ல கேள்வி என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இது உண்மையிலேயே நல்ல கேள்வி. மதியம் கூழ் பாதி தீர்ந்திருக்கும்; பானையோடு 17 கிலோ. 35ஆல் பெருக்க 595, கழித்தல். மோர் 10 கிலோ, 100, கழித்தல். குடிநீர் தீர்ந்து வெறும் கேன் 1 கிலோ, கூட்டல் 45. கழுவும் தண்ணீரும் தீர்ந்தது. வெறும் கேன், கூட்டல் 45. ஆனால் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று? தெருவில் ஊற்றக் கூடாது என்று, வண்டியின் பின்பக்கம் 45 செ.மீ. தள்ளி ஒரு கழிவுநீர் வாளி வைத்திருந்தார்கள். 15 கிலோ, 675, கழித்தல். வண்டியின் 200 அப்படியே கூட்டல். மொத்தம் 1080, கழித்தல்! 130ஆல் வகுத்தால் 8 கிலோவுக்கு மேல், அதுவும் மேல்நோக்கி. காலையில் கையை அழுத்திய கைப்பிடி மதியம் கையை விட்டுப் பறக்கப் பார்க்கிறது. வண்டி பின்னால் குடைசாயும். கூழோடு சேர்ந்து அன்றைய வருமானமும் தெருவில் கொட்டும்.

மிகை எண், குறை எண் பாடத்தை நாம் வெப்பநிலை, கடல் மட்டம், கடன் ஆகியவற்றைக் காட்டி நடத்துகிறோம். ஒரு கழித்தல் குறி ஒருவர் பிழைப்பைக் கவிழ்க்கும் என்பதைப் பிள்ளைகள் அன்று பார்த்தார்கள். அன்று மாலை மணி அடித்த பிறகும் பத்துப் பதினைந்து பேர் வீட்டுக்குப் போகவில்லை.

தீர்வுக்கு மூன்று நாள் ஆயிற்று. முதலில், தீர்ந்துபோகும் பொருள்களை அச்சுக்கு அருகில் கொண்டுவந்தார்கள். கூழ் 20 செ.மீ. பின்னால், மோர் 20 செ.மீ. முன்னால், குடிநீர் கேன் நேராக அச்சின் மேல், கீழ்த் தட்டில். அடுத்தது, கழிவுநீர் வாளியைக் கழுவும் தண்ணீர் கேனுக்கு நேர் கீழே, 45 செ.மீ. முன்னால் வைத்தார்கள். மேலிருந்து இறங்கும் தண்ணீர் கீழே சேர்கிறது. எடை இடம் மாறுவதே இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொடுகறியும் டம்ளரும் 35 செ.மீ. பின்னால் போயின. இப்படி வைத்தால் விற்பவர் பின்னால் நிற்க முடியாது; பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, “பக்கத்துல நின்னா ரெண்டு பானையும் கைக்கு எட்டும், நல்லதுதானே” என்றார்.

புதிய அமைப்பில் காலைக் கணக்கு: 200 கூட்டல், கூழ் 600 கழித்தல், மோர் 360 கூட்டல், குடிநீர் பூஜ்யம், கழுவும் தண்ணீர் 720 கூட்டல், தொடுகறி 350 கழித்தல். மீதி 330 கூட்டல். கைப்பிடியில் இரண்டரைக் கிலோ. மதியக் கணக்கையும் எல்லாம் தீர்ந்த மாலைக் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு வேளையிலும் கூட்டலாகவே வரும். குறி ஒருபோதும் மாறுவதில்லை. இருந்தாலும் நிறுத்தி வைத்திருக்கும்போது யாராவது சாய்ந்தால் என்ன செய்வது என்று முன்னும் பின்னும் மடக்குக் கால்கள் வைத்தோம்.

மோட்டார் வாகனத்தின் பின்னால் கட்டி இழுக்கும் உணவு டிரெய்லருக்கும் இதே கணக்குதான். அங்கே எடை பின்பக்கம் அதிகமானால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல வளைந்தாடும். அதைத் தவிர்க்கவே இணைப்புக் கொக்கியின் மேல் எடையில் ஒரு பங்கு எப்போதும் கீழ்நோக்கி அழுத்தும்படி அமைப்பார்கள். ஆனால் மோட்டார் வாகனம் இழுக்கும் டிரெய்லர் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்துவிடும், பதிவு வேண்டும். பள்ளிச் செயல்திட்டத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

பக்கவாட்டில் கவிழ்வது இன்னொரு கணக்கு. இரண்டு சக்கரங்களுக்கு இடையே 75 செ.மீ.; பாதி 37.5. சுமை ஏற்றிய வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 50 செ.மீ. உயரம். டேன் மதிப்பு 0.75, கோணம் ஏறக்குறைய 37 பாகை. அதாவது நம்முடைய பழைய 3, 4, 5 முக்கோணம். பானைகளை மேல்தட்டின் மேலேயே அடுக்கி ஈர்ப்பு மையத்தை 75 செ.மீ.க்கு உயர்த்தினால் கோணம் 27 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு சக்கரம் சாக்கடை ஓரத்தில் இறங்கினால் அந்தப் பத்துப் பாகையின் மதிப்புத் தெரியும். முக்கோணவியலில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மிதிவண்டிச் சக்கரம் மலிவாகக் கிடைக்கும், பஞ்சர் ஒட்ட எங்கும் ஆள் உண்டு. ஆனால் மிதிவண்டியில் அதன் அச்சு இரண்டு பக்கமும் தாங்கப்பட்டிருக்கிறது. வண்டிக்கு ஒரு பக்கம் மட்டும் திருகிவிட்டால் கொஞ்ச நாளில் அச்சு வளைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் வெளிப்பக்கமும் ஒரு தாங்கு சட்டம் கொடுக்க வேண்டும். இன்னொன்று, மிதிவண்டி திரும்பும்போது சாய்கிறது, வண்டி சாயாது. அதனால் திருப்பங்களில் கம்பிகளுக்குப் பக்கவாட்டு அழுத்தம் அதிகம். பெரிய சக்கரம் பள்ளத்தை எளிதாகத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே விற்பவர் பக்கத்தில் நிற்கிறார். மேல்தட்டுக்கு அடியில் அடங்கி அவர் காலில் இடிக்காமல் இருக்க, சிறுவர் மிதிவண்டியின் 20 அங்குலச் சக்கரத்தைப் போட்டோம். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுத்தோம்.

எங்கள் பள்ளிக்கு முன்னால் ஒரு சிறிய ஏற்றம் உண்டு. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கொண்டு மாணவர்கள் அளந்தார்கள்: 20 மீட்டருக்கு 1 மீட்டர். 135 கிலோ வண்டியை அதில் ஏற்ற, சரிவுக்காக மட்டுமே ஏழு கிலோ அளவுக்கு இழுவிசை வேண்டும். சக்கரம் உருளும்போது ஏற்படும் தடை தனி. இறங்கும்போது அதே சரிவு பின்னாலிருந்து தள்ளும். அதனால் மிதிவண்டிப் பிரேக் ஒன்றைக் கைப்பிடியில் சேர்த்தோம்.

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 1.6 மி.மீ. கனம். வாங்குவதற்கு முன்பே அதன் எடையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். குறுக்குவெட்டுப் பரப்பு, நீளம், இரும்பின் அடர்த்தி 7.85 ஆகியவற்றைக் கொண்டு மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ என்று கண்டார்கள். 16 மீட்டருக்கு 19 கிலோ. கடையில் எடை போட்டபோது ஒத்து வந்தது, கடைக்காரருக்கே ஆச்சரியம். மேல்தட்டு 0.8 மி.மீ. எவர்சில்வர் தகடு. வெல்டிங் வேலையைப் பட்டறைக்காரர் செய்தார், மாணவர்கள் செய்யவில்லை. கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்க்கவும் அனுமதிக்கவில்லை. துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்யும்போது எழும் புகை உடலுக்குக் கெடுதி. பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். இந்த இடத்தில் சமரசமே வேண்டாம்.

தண்ணீருக்கு வருகிறேன். பல இடங்களில் ஒரே வாளித் தண்ணீரில் எல்லா டம்ளரையும் முக்கி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி டம்ளர் முதல் டம்ளரின் அழுக்கில்தான் குளிக்கிறது. குழாய் வைத்த கேன் இருந்தால் ஒவ்வொரு டம்ளருக்கும் புதுத் தண்ணீர். ஆனால் எவ்வளவு வேண்டும்? கூழ் 83 சொம்பு, மோர் 200 மி.லி. வீதம் 75 டம்ளர், மொத்தம் 158. ஒரு டம்ளர் கழுவ 150 மி.லி. என்றாலும் ஏறக்குறைய 24 லிட்டர் தேவை. நம்மிடம் 15 லிட்டர்தான். பெரிய கேன் வைத்தால் ஒன்பது கிலோ கூடும். மாணவர்கள் இரண்டு நாள் வாதிட்டார்கள். கடைசியில் அந்த அம்மா, “முக்குல தெருக்குழாய் இருக்குல்ல, மத்தியானம் ஒரு வாட்டி புடிச்சுக்குவேன்” என்றார். விடை தாளில் இல்லை, தெருமுனையில் இருந்தது. அவர் மறுபடி பிடிக்கும்போது கழிவுநீரையும் சாக்கடையில் கொட்டிவிடுகிறார். அதனால் எடைக் கணக்கும் கெடவில்லை.

இந்த வண்டியில் அடுப்பு இல்லை. கூழைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் பள்ளியில் டீ வண்டியோ இட்லி வண்டியோ வடிவமைக்க விரும்பினால், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதிலிருந்து தொடங்குங்கள். கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அறையின் அடிமட்டத்தில் திறப்பு வேண்டும். மேலே மட்டும் சன்னல் வைத்துப் பயனில்லை. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வணிகச் சிலிண்டரில் வாயு 19 கிலோ. இரும்பின் எடையும் ஏறத்தாழ அதே அளவு. வாயு தீரத் தீர அந்த எடையும் குறையும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இன் கீழ் தெருவோர உணவு விற்பனையாளரும் பதிவுச் சான்று பெற வேண்டும். நகரப் பகுதிகளில் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. விற்பனை இடங்களைப் பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. குடிமையியல் வகுப்பில் நாடாளுமன்றத்துக்கு எத்தனை அவை என்று கேட்பதோடு இதையும் கேட்கலாம். தெருவில் நிற்கும் ஒருவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதே நம் பிள்ளைகளில் பலருக்குப் புதிய செய்தி.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். இந்தச் செயல்திட்டத்தைப் பற்றி எங்கள் பள்ளியிலேயே ஒரு மூத்த ஆசிரியை நேரடியாகக் கேட்டார்: “கூழ் விற்பவர் பிள்ளை படித்து மேலே வரட்டும் என்றுதானே பள்ளிக்கு வருகிறான்? இங்கேயும் கூழ் வண்டியா?” தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1953இல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். செருப்புத் தைப்பவர் மகனுக்குச் செருப்பும் அதிகாரி மகனுக்குப் புத்தகமும் என்று பிரித்தால் அது கல்வி ஆகாது.

அதனால்தான் சில ஒழுங்குகளை முதலிலேயே வகுத்துக்கொண்டோம். மாணவர் எவருடைய பெற்றோரையும் வகுப்பின் முன் நிறுத்தவில்லை. யார் வீட்டில் என்ன தொழில் என்று கேட்கவில்லை. குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். பொறியியல் படிக்கப் போகிறேன் என்ற மாணவியும் அடுத்து என்ன என்று தெரியாத மாணவனும் ஒரே கணக்கைப் போட்டார்கள். வண்டி விற்கக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை அல்ல. வண்டியை வைத்து இயற்பியலும் கணக்கும் நடத்துவதுதான் வேலை. அந்த ஆசிரியை இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: அந்த அம்மா வகுப்பில் பேசியபோது ஒரு பையன், வழக்கமாகக் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பவன், நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான் என்று. அவன் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இதில் எங்களுக்கு என்ன என்று பார்க்கிறீர்கள். இரும்பும் பட்டறையும் உங்களுக்கு வேண்டாம். பள்ளி வராண்டாவில் சாக்பீஸால் வண்டியை முழு அளவில் வரையச் சொல்லுங்கள். 120 செ.மீ. என்பது எத்தனை சாண், எத்தனை அடி என்று அளக்கட்டும். பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கி, இது பானை, இது கேன் என்று வைக்கட்டும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் 25 லிட்டரை 300 மி.லி. ஆகப் பிரிக்கும் கணக்கைத் தண்ணீரை ஊற்றியே செய்யலாம். மீதம் வருகிற 100 மி.லி. யாருக்கு என்று ஒரு சண்டை நடக்கும், நடக்கட்டும். மூன்றாம் வகுப்பில் ஒரு பென்சிலின் மேல் அடிக்கோலை வைத்து, இரண்டு பக்கமும் அழிப்பான்களை நகர்த்திச் சமன் செய்யச் சொல்லுங்கள். திருப்புத்திறன் என்ற சொல் அந்த வயதில் தேவையில்லை. அழிப்பானைத் தள்ளி வைத்தால் அடிக்கோல் சாய்கிறது என்று விரல் கற்றுக்கொண்டால் போதும். பத்தாம் வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வண்டி இப்போது அந்த அம்மாவிடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். தொடுகறித் தட்டுக்கு மாணவர்கள் அழகாகச் செய்த மூடியை அவர் முதல் வாரமே கழற்றிவிட்டார்; ஈ மொய்க்காமல் இருக்க வலைத்துணியே போதுமாம், மூடியைத் திறக்க ஒரு கை போய்விடுகிறதாம். மாணவர்களுக்கு வருத்தம்தான். நிழல் பிரச்சினை இன்னும் தீரவில்லை. கூரை போட்டால் காற்றில் வண்டி ஆடுகிறது. ஈர்ப்பு மையமும் உயர்கிறது. கூரை போடாவிட்டால் சித்திரை வெயில் நேராக அவர் தலையில் இறங்குகிறது. தனியாகத் தரையில் ஊன்றும் குடை ஒன்றை இந்த ஆண்டு மாணவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தார்ச் சாலையில் அதை எங்கே ஊன்றுவது என்பதில் நிற்கிறார்கள்.

இன்று அவருக்கு விடுமுறை. அதனால் வண்டியைக் கேட்டு வாங்கி வந்து வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறோம். கூழ் இல்லை, பானைகளில் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். ஐந்தைந்து பேராக வாருங்கள். முதலில் காலைச் சுமையோடு இழுத்துப் பாருங்கள். பிறகு கழிவுநீர் வாளியைப் பழைய இடத்துக்கு மாற்றி, கூழ்ப் பானையைப் பாதியாக்கி, முன்னால் இருக்கிற கேனைக் காலி செய்துவிட்டு இழுங்கள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.